ஆல்பர்ட் கழற்றிக்கொண்டு போன ரேம்

பேய், பிசாசு, மோகினி எதையும் நான் நம்பினவன் இல்லை. எங்கள் கோலார் தங்க வயலில் இந்த மாதிரிக் கதைகளுக்குப் பஞ்சமே கிடையாது. சுரங்கத்துக்கு இறங்குகிற ஷாஃப்ட்டுக்குள் வெள்ளைக்காரன் இருமுவான், நைட் ஷிஃப்டில் ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ் ஆளில்லாமல் தானாக ஏறி வரும் என்று ஆளாளுக்கு ஒன்று கைவசம் வைத்திருப்பார்கள். மைசூர் மைன்ஸில் காலமெல்லாம் பூமிக்கடியில் இறங்கி ஏறின என் அப்பாவைக் கேட்டால், "கீழ எலிதான்டா கீது, வேற எவனும் இல்ல" என்பார். நானும் அவர் பிள்ளைதான். அதுவும் எனக்கு நடந்தது ராத்திரியில்கூட இல்லை, ஞாயிற்றுக்கிழமை, சுள்ளென்ற வெயில், எங்கள் லைன் வீடுகள் முழுக்கக் கறிக்குழம்பு வாசனை. இதைச் சொன்னதுமே பாதிப் பேர் சுவாரஸ்யம் போய் எழுந்து விடுகிறார்கள், நீங்களாவது கொஞ்சம் உட்காருங்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. மைன் இந்த வருஷம் மூடும், அடுத்த வருஷம் மூடும் என்று எல்லார் வீட்டிலும் அதே பேச்சு. நான் டிப்ளமோ முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தேன். ஸ்கெலட்டன் என்கிற பக்கத்துக் குடியிருப்பில் இருந்த என் கூட்டாளி ஆல்பர்ட்டும் அதே கதி. இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டரில் 3டி படம் செய்கிற பைத்தியம். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக அலைந்து, ஒரு தடவை போர்டு, ஒரு தடவை கேபினெட் என்று பாசஞ்சர் ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்து ஆளுக்கு ஒரு மெஷின் சேர்த்துவிட்டோம்.

வீட்டில் உட்கார்ந்து 3டி செய்ய என்ன வேண்டும் என்று இன்றைக்கு யாரையாவது கேட்டால் மூச்சு விடாமல் சொல்வார்கள். எங்களுக்கு அன்றைக்கு ஒரே கவலைதான், ரேம். பிராசஸர் மந்தமாக இருந்தால் காத்துக்கொண்டிருக்கலாம், கிராஃபிக்ஸ் கார்டு சுமாராக இருந்தால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேலை பார்க்கலாம், ரேம் பத்தவில்லை என்றால் படமே வராது, ஹார்டு டிஸ்க் கரகரவென்று அரைத்துவிட்டு மெஷின் அப்படியே உறைந்துவிடும். எங்கள் இருவரிடமும் ஆளுக்கு ஒரு முப்பத்திரண்டு எம்.பி. ரேம் இருந்தது, உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பச்சைப் பட்டை, அவ்வளவுதான். அதனால் ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். யாருக்குப் பெரிய வேலை இருக்கிறதோ அவன் இன்னொருவனுடைய ரேமையும் வாங்கிச் சொருகிக்கொள்வான், அறுபத்துநாலு ஆகிவிடும், அதுவரைக்கும் மற்றவன் மெஷின் சும்மா கிடக்கும். சைக்கிளை மாற்றி மாற்றி ஓட்டுகிற மாதிரி ரேமை ஓட்டினோம்.

பெங்களூரில் ஒரு அனிமேஷன் கம்பெனிக்கு இரண்டு பேரும் மனுப் போட்டோம். எனக்கு மட்டும் பதில் வந்தது. திங்கட்கிழமை காலையில், சொந்தமாகச் செய்த ஒரு சின்னப் படத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். என் படம் என்னவென்றால், எங்கள் ஊர் சயனைடு மலை இருக்கிறதே, தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிக் கொட்டி மலையாகிப்போன மண், அதன் உச்சியிலிருந்து ஒரு கால்பந்து உருண்டு வந்து ஷாஃப்ட்டுக்குள் விழும், கொஞ்ச நேரம் கழித்துக் கேஜ் மேலே வரும், கதவு திறக்கும், உள்ளே பந்து மட்டும் பயணி மாதிரி உட்கார்ந்திருக்கும். இதில் ரேமைத் தின்கிறது அந்த மலைதான்.

கம்பெனி பதிலைச் சனிக்கிழமை சாயந்திரம் ஆல்பர்ட்டிடம் காட்டினேன். படித்தான், மடித்துக் கொடுத்தான், நேராக என் மெஷின் பக்கம் போனான். காற்றுக்காகக் கேபினெட்டை எப்போதும் திறந்தே வைத்திருப்பேன். குனிந்து, என் படத்துக்காக நான் ஏற்கெனவே வாங்கிச் சொருகியிருந்த தன் ரேமைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டான்.

"எனக்கும் வேல கீது."

"இன்னா வேல?"

"கேம் ஆடணும்."

சம்பந்தம் முறிந்த வீட்டில் சீர்வரிசையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போவார்களே, அப்படிப் போனான். சொன்ன மாதிரியே வீட்டுக்குப் போய் மெஷினில் போட்டுக் கேமும் ஆடியிருக்கிறான், ரேம் நன்றாகவே வேலை செய்தது, அதை அவனே பிற்பாடு சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து நான் மெஷினோடு மல்லுக்கட்டினேன். மலை வருகிற இடம் வந்ததும் உறைந்துவிடும். மண்ணின் சொரசொரப்பைக் குறைத்துப் பார்த்தேன், மலையைக் குட்டையாக்கிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மலையில்லாமல் பந்து வெறும் தரையில் உருண்டால் அதைப் பார்த்து எவன் வேலை தருவான். எஸ்.பி. ரோடு அன்றைக்கு லீவு. அம்மா அடுப்படியிலிருந்து, "இன்னாத்துக்குடா வீம்பு? போய் ஆல்பர்ட்ட கேளு, கொறஞ்சா பூடுவ?" என்றாள். போவேனா நான். அவன் ரேம் எனக்கு வேண்டும், ஆனால் அவன் முகத்தில் முழிக்க வேண்டாம், அப்படி ஒரு கோபம். அந்தப் பச்சைப் பட்டையையே நினைத்துக்கொண்டு, பசிக்கிறவன் பிரியாணியை நினைக்கிற மாதிரி நினைத்துக்கொண்டு, இன்னொரு தடவை மெஷினை அணைத்துப் போட்டேன்.

அந்தக் கால மெஷின்களில் சுவிட்ச் போட்டதும் கறுப்புத் திரையில் எண்கள் ஓடும், எவ்வளவு ரேம் இருக்கிறது என்று அதுவே எண்ணிப் பார்க்கும். முப்பத்திரண்டில் வந்து நிற்க வேண்டியது. நிற்கவில்லை. நிதானமாக மேலே ஏறி அறுபத்துநாலில் போய் நின்றது.

அணைத்தேன். மறுபடி போட்டேன். மறுபடியும் அறுபத்துநாலு. குனிந்து கேபினெட்டுக்குள் பார்த்தேன். என் ரேம் ஒன்றுதான் இருந்தது, பக்கத்து ஸ்லாட் காலி, கொஞ்சம் தூசிகூட இருந்தது. என் கண் கெட்டுவிட்டதா என்று அம்மாவைக் கூப்பிட்டு உள்ளே எத்தனை பட்டை நிற்கிறது என்று கேட்டேன். "ஒண்ணுதான். இன்னொண்ணதான் அந்தப் புள்ள எத்துக்கினு பூட்டானே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்குப் பயம் வரவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன், பேராசைதான் வந்தது. படத்தை வரைந்து எடுக்கிற ரெண்டர் பட்டனைத் தட்டிவிட்டேன். மலை வர ஆரம்பித்தது, ஒவ்வொரு படமாக, சொரசொரப்பு குறையாமல், மழை அரித்த கோடுகளோடு.

மத்தியானம் வாசலில் சைக்கிள் சத்தம். ஆல்பர்ட். சர்ச்சில் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை, கேரியரில் அவனுடைய கேபினெட், பழைய டியூபால் கட்டியிருந்தான். உள்ளே வந்ததும் வராததுமாகச் சண்டை.

"இன்னாடா பண்ண என் ரேம? நேத்து நல்லாத்தான் இருந்துச்சி. பூசை முடிஞ்சி வந்து சுவிட்ச் போட்டா கூவிக்கினே கீது, திரையில ஒண்ணுமே வரல."

ரேமே இல்லாத போர்டு அப்படித்தான் நீளமாகக் கூவும். கழற்றித் துடைத்து நாலு தடவை சொருகியும் அதே கூவல்தானாம்.

"நான் எங்கடா தொட்டேன்? நீதான எத்துக்கினு போன."

"அப்ப எப்டிடா..." என்று ஆரம்பித்தவன் என் மானிட்டரைப் பார்த்துவிட்டான்.

"மலை வருது."

"ஆமா."

"முப்பத்திரண்டுல வராதேடா."

கேபினெட்டைக் காட்டினேன். முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தான். காலி ஸ்லாட்டின் ஓரத்தில் விரலை வைத்தவன் சட்டென்று எடுத்துக்கொண்டான்.

"சுடுது."

நானும் தொட்டுப் பார்த்தேன். ரேம் வேலை செய்கிறபோது இருக்குமே ஒரு சூடு, அதே சூடு. ஒன்றுமில்லாத இடத்தில்.

அதற்குப் பிறகு சண்டை போட யாருக்கும் தோன்றவில்லை. அம்மா இரண்டு தட்டில் சோறும் கறியும் போட்டாள். அவன், "ஆன்டி, இன்னும் ரெண்டு பீஸ்" என்று வெட்கமில்லாமல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மானிட்டர் முன்னால் தரையில் உட்கார்ந்து, மேட்ச் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு படத்துக்கும் குரல் கொடுத்தோம். வெயில் இறங்குகிற நேரத்தில் கேஜ் கதவு திறந்தது, பந்து உள்ளே உட்கார்ந்திருந்தது, படம் முடிந்தது. மெஷினை அணைத்துப் போட்டால் முப்பத்திரண்டு. பக்கத்திலேயே ஆல்பர்ட் மெஷினைப் போட்டோம், கூவவில்லை, அதுவும் சமர்த்தாக முப்பத்திரண்டு.

மறுநாள் ஹார்டு டிஸ்கைக் கழற்றித் துண்டில் சுற்றி டிபன் பையில் வைத்துக்கொண்டு பாசஞ்சரில் போனோம், போனோம் என்றால் இரண்டு பேரும்தான். பெங்களூர் வரைக்கும் டிஸ்கை மடியில் வைத்திருந்தவன் ஆல்பர்ட். எனக்கு வேலை கிடைத்தது. கொஞ்ச நாளில் அவனையும் அங்கேயே இழுத்துக்கொண்டேன். மைன் மூடினபோது எங்கள் இரண்டு வீட்டிலும் அடுப்பு அணையவில்லை.

இதை நான் எல்லாரிடமும் ஒரே மாதிரிதான் சொல்லி வந்தேன். பூசையில் முட்டி போட்டிருந்த ஆல்பர்ட்டுக்கு மனசு இளகியிருக்கும், போகட்டும் அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்திருப்பான், அது எப்படியோ என் மெஷினுக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று. அந்த நன்றியில் அவன் பெண்ணுக்குக் காது குத்தும்போதுகூடத் தோடு நான்தான் வாங்கிக் கொடுத்தேன். கேட்கிறவர்களும் கண் கலங்குவார்கள். போன கிறிஸ்துமஸுக்கு அவன் வீட்டில் நாலு பேர் முன்னால் இதைச் சொன்னபோது ஆல்பர்ட் விழுந்து விழுந்து சிரித்தான்.

"மனசும் எளகல, ஒண்ணும் எளகல. எனக்கு வராத வேல இவனுக்கும் வரக்கூடாது, மெஷின் பொகஞ்சி பூடணும் ஆண்டவரேன்னு முட்டி போட்டு வேண்டிக்கினேன்டா நானு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குத் திரும்பி வருகிற வழியில்தான் எனக்கு அது உறைத்தது. அவன் கொடுக்கவில்லை. கொடுக்காத பொருள் என்னிடம் வந்திருக்கிறது என்றால், எடுத்தது நான்தான். அந்தப் பச்சைப் பட்டையை நினைத்து நினைத்து அவன் வீட்டிலிருந்து உருவியிருக்கிறேன். எப்படி என்று தெரியாது, திரும்பச் செய்யச் சொன்னால் தெரியாது, செய்யாமல் இருக்கத் தெரியுமா என்பதும் தெரியாது.

அதிலிருந்து அடுத்தவர் பொருளை அதிக நேரம் பார்ப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். மனைவிக்கு இது ஒரே கேலி. போன வாரம் ஆல்பர்ட் ஒரு புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினான், செங்கல் கனம், விலையைக் கேட்டால் தலை சுற்றும். "வந்து பாருடா" என்றான். வேலை இருக்கிறது என்று சொல்லிப் போகவில்லை. போட்டோ அனுப்பினான். பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன், என்ன செய்ய, பார்த்துவிட்டேன், ரொம்ப அழகாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக அவனிடமிருந்து போன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. எடுக்க எனக்குக் கை வரவில்லை.