மீட்டர் கண்ணாடியில் நான் வைத்த பொட்டு

இன்று ஆயுதபூஜை. மருமகள் குங்குமத்தை நீட்டி, "மாமா, கார் மீட்டருக்கு நீங்களே ஒரு பொட்டு வச்சுருங்க" என்றாள்.

கை அப்படியே நின்றுவிட்டது.

(எண்பத்தாறு வயதில் கை நிற்பது சகஜம்தான். இது வேறு.)

அறுபதுகளில் நான் விமான மெக்கானிக். கந்தர்வக்கோட்டை முந்திரிக் காடுகளுக்கு மருந்தடிக்கும் பழைய விமானம் ஒன்று புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பொட்டலில் நிற்கும். முன்னும் பின்னுமாக இரண்டே சீட்.

அதன் மீட்டர் போர்டில் கண்ணாடிகள் மங்கி, முட்கள் ஒட்டிக் கிடந்தன. எல்லாவற்றையும் கழற்றித் துடைத்துச் சரிசெய்தேன். ஸ்பீடு மீட்டர் மட்டும் தேறவில்லை. புதிது போட்டேன்.

பழையது மைல் கணக்கு. புதியது 'நாட்' என்ற கடல் மைல் கணக்கு. ஒரு நாட் ஒரு மைலைவிடப் பெரியது. இது எனக்குத் தெரியும். (தெரிந்து என்ன பிரயோஜனம்?)

பழைய கண்ணாடியில் அறுபதுக்கு நேராக ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது. போன ஆயுதபூஜைக்கு வைத்தது என்று நினைத்தேன். சாமி காரியத்தில் குறை வைக்கலாமா? புதுக் கண்ணாடியிலும் அறுபதுக்கு நேராகப் பயபக்தியோடு வைத்தேன்.

ரிப்பேர் பார்த்தவனும் கூடப் பறக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பின் சீட்டில் ஏறினேன்.

இறங்கும்போதுதான் வந்தது வினை.

சக்கரம் தரையில் படவே இல்லை. விமானம் மிதந்துகொண்டே போகிறது. எதிரே கண்மாய்க் கரை.

பைலட் கத்தினார். "முள்ளு பொட்டுலதானய்யா நிக்குது. ஏன் எறங்க மாட்டேங்குது?"

பின்னாலிருந்து நானும் கத்தினேன்.

"சார், அது சாமிக்கு வச்சதுங்க!"

அவர் சடாரென்று மேலே தூக்கினார். கரையில் நின்ற கருவேல மரம் சக்கரத்தில் உரசியது. இரண்டாம் சுற்றில் வேகத்தைக் குறைத்து இறக்கினார்.

விமானம் நின்றதும் பைலட் என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பொட்டப் பாத்துத்தான்யா நாலு வருசமா எறங்குறேன். நம்பரப் பாக்குறதே இல்ல. நீ கணக்குப் போட்டு வச்சிருப்பேன்னு நம்பிட்டேன்."

"நீங்க சாமி கும்புட்டு வச்சதுன்னு நான் நம்பிட்டேங்க."

"எந்தச் சாமி? எம் பொண்டாட்டி சாந்துக் குப்பியில தொட்டு நானே வச்சதுய்யா."

என் பொட்டைத் துடைத்தார். கணக்குப் போடச் சொன்னார். பழைய அறுபது மைல் புதிதில் ஐம்பத்திரண்டு நாட். ஐம்பத்திரண்டில் புதிதாக வைத்தார். அது கொஞ்சம் கோணல்.

இன்று ஸ்டீயரிங்கில் பொட்டு வைத்துவிட்டு நகர்ந்தேன்.

"மீட்டருக்கு வைக்கலையா மாமா?"

"வேணாம்மா. அத நம்பி யாராச்சும் ஓட்டிருவாங்க."

உங்கள் வண்டி மீட்டரில் பொட்டு எந்த நம்பரில் இருக்கிறது?