கேட்காமல் போட்ட பிளாக்

ஒரு சர்வரை மொத்தமாக பிளாக் செய்ய இரண்டு கிளிக் போதும். நான் அதை யாரையும் கேட்காமல் செய்தவன். புதிதாக சர்வர் நடத்த வருகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் சிஸ்டம் அட்மினாக இருந்து ரிட்டையர் ஆனேன். வீட்டில் நான் ஒருவன்தான். பேச்சுத் துணை வேண்டும் என்றே சோஷியல் நெட்வொர்க் சர்வர் ஒன்று ஆரம்பித்தேன். இது ஒரே கம்பெனியின் கையில் இருக்கும் சமாச்சாரம் இல்லை. ஆளாளுக்கு ஒரு சர்வர். என் சர்வரில் இருப்பவர் வேறொரு சர்வரில் இருப்பவரோடு தாராளமாகப் பேசலாம், நடுவில் அட்மின் கதவைச் சாத்தாத வரை.

ஒரு திங்கட்கிழமை காலை, வெளிநாட்டு சர்வர் ஒன்றிலிருந்து சூதாட்ட விளம்பரமாக வந்து கொட்டியது. லிமிட் மட்டும் போட்டிருக்கலாம். விளம்பரம் பொதுப் பக்கத்தில் வராது, ஏற்கெனவே பழகியவர்கள் பேசிக்கொள்ளலாம். பிடிக்காதவர்கள் அதை அவரவரே மறைத்துக்கொள்ளலாம். எனக்குக் கம்பெனி புத்தி. அங்கே ஃபயர்வாலில் முதலில் அடைப்போம், கேள்வியெல்லாம் பிறகுதான். சஸ்பெண்ட், அதாவது முழு பிளாக், போட்டுவிட்டு, சனியன் ஒழிந்தது என்று குளிக்கப் போய்விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, என் சர்வரில் இருக்கும், வெள்ளகோவிலில் தறி ஓட்டும் சாந்தாமணி மெசேஜ் போட்டார். "ஏனுங்கண்ணா, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? கோபி அக்கா பேச்சையே காணோமுங்க. நான் ஏதாச்சும் தப்பா எழுதிப்போட்டனுங்களா?"

கோபிசெட்டிபாளையத்திலிருந்து அயர்லாந்துக்கு வேலைக்குப் போன பெண்தான் அந்த அக்கா. கணக்கு வைத்திருந்தது நான் அடைத்த சர்வரில். இருவரும் நேரில் பார்த்ததில்லை. தினமும் "சாப்டீங்களா" என்று ஆரம்பித்து எழுதிக்கொள்வார்கள். போன் நம்பர் கேட்டால் அதிகப்பிரசங்கித்தனம் என்று இருவருமே கேட்கவில்லையாம்.

உடனே நம்பர் வாங்கி சாந்தாமணியைப் போனில் கூப்பிட்டேன்.

"நான்தான் அம்மணி பிளாக் போட்டது. மொத நாளே கேக்கறதுக்கென்ன?"

"உங்களுக்கு எதுக்குங்க தொந்தரவுன்னு இருந்துட்டனுங்க. அக்காவுக்குத்தான் எம்மேல கோவமாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்."

பிளாக்கை எடுத்தேன். ஆனால் சஸ்பெண்டில் அறுந்த தொடர்பு தானாக ஒட்டாது. அக்காவின் பக்கத்தைத் தேடினால், கணக்கையே மூடிவிட்டிருந்தார். அந்தப் பக்கமிருந்து பார்த்தால், சாந்தாமணி சொல்லாமல் கொள்ளாமல் விலகியதாகத்தான் தெரிந்திருக்கும். அவரும் ஏன் என்று கேட்கச் சங்கடப்பட்டிருப்பார். அந்த சர்வர் அட்மினுக்கு எழுதினேன். மூடிய கணக்கின் விவரம் எதுவும் தங்களிடம் இல்லை என்று பதில் வந்தது.

சாந்தாமணியிடம் சொன்னேன். "போச்சாது உடுங்கண்ணா," என்றார். பிறகு அவரே கேட்டார், "நான் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டேன்னே அக்கா நெனச்சுட்டிருப்பாங்கல்லங்க?"

திட்டியிருந்தால் தேவலை. போனை வைத்துவிட்டு அழுதேன். நான் செய்ததைச் சொல்ல எனக்கும் ஆள் இல்லை.

இப்போதெல்லாம் லிமிட்டோடு நிறுத்திக்கொள்கிறேன். அதற்கு மேல் போவதென்றால், அந்த சர்வரில் யாருக்கு யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கேட்கிறேன். ஒரு தடவை கேட்டால் நம் ஆட்கள் "ஒண்ணுமில்லீங்க" என்பார்கள். இரண்டாம் தடவையும் கேட்க வேண்டும். சர்வர் என்னுடையது, அவர்களுடைய மனிதர்கள் என்னுடையவர்கள் இல்லை.

போன வாரம் இன்னொரு சர்வரில் தொல்லை. வழக்கம்போல் எல்லோரையும் கேட்டேன். முதல் பதில் சாந்தாமணியுடையது.

"எனக்கு இப்ப எந்த சர்வர்லயும் யாருமில்லீங்கண்ணா. நீங்க தாராளமா பிளாக் போட்டுக்குங்க."