பொடவுச் சிலந்திக்குப் பெயர் வைத்தவர்

எஸ்தர் அக்கா போன செய்தி வந்தபோது நான் ராஜபாளையத்தில், எங்கள் கல்லூரியின் விலங்கியல் துறை அறையில், ஒரு கட்டுரையின் அச்சுப் படியைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு புதிய குகைச் சிலந்தியை உலகுக்குச் சொல்லும் கட்டுரை. அக்காவும் நானும் சேர்ந்து எழுதியது. கடைசியாக ஒருமுறை பார்த்து அனுப்பினால் வெளிவந்துவிடும். சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் அக்காவிடம் காட்டுவதாக இருந்தேன். அதற்குள் அவர் கணவர் செல்லத்துரை அண்ணனின் போன். "வசந்தாம்மா, எஸ்தர் போயிட்டா." பட்டாளத்தில் இருந்தவர், அதை மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். பாவி, இன்னும் கொஞ்ச நாள் இருந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று அழுகையோடு அழுகையாக அக்காவைத் திட்டினேன். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று போஸ்டரில் போட்டிருந்தார்கள். சும்மா உட்காரவே தெரியாத மனுஷி அவர் என்பது அவரோடு வேலை பார்த்த, அவரிடம் படித்த உங்களுக்கெல்லாம் தெரியும். சேத்தூரில் பிறந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டவர். தினமும் பஸ்ஸில் கல்லூரிக்கு வருவார். இறங்கும்போதே என்னோடு சண்டை போட ஒரு விஷயம் கொண்டுவருவார். எங்கள் மேசைகள் பக்கத்துப் பக்கத்தில். வயதில் கொஞ்சம் மூத்தவர் என்பதால் எனக்கு அவர் அக்கா, அவருக்கு நான் 'ஏட்டி'. கல்லூரி முதல்வர் முன்னால் மட்டும் 'வசந்தா மேடம்' என்பார். சிலந்தியைக் கண்டு அலறும் மாணவிகளிடம், "அது உன்னையப் பாத்துப் பயந்துபோயி நிக்கிதுட்டி. கத்தி வேற தொலைக்காத" என்பார்.

மலையடிவாரத்து அய்யனார் கோவிலுக்கு மேலே ஓடையை ஒட்டி ஒரு பொடவு இருக்கிறது. பாறைக் குகையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். வனத்துறையில் அனுமதி வாங்கி, வேறு ஏதோ பூச்சியைத் தேடித்தான் அதற்குள் போனோம். அக்கா டார்ச்சை மேலே திருப்பினார். நூல் மாதிரிக் கால்களோடு, வெளுத்த சிலந்தி ஒன்று தலைகீழாகத் தொங்கியது. கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் புள்ளிகள்தான். "ஏட்டி, இவளுக்குக் கண்ணே இல்ல. ஆனா நாம வந்தது தெரிஞ்சுபோச்சு பாரு" என்று கிசுகிசுத்தார். துணைக்கு வந்த வனக் காவலர் வெளியே நின்று, "இன்னும் எம்புட்டு நேரம் மேடம்? யானை எறங்குற நேரம்" என்று கத்தினார். "அதச் செத்த நேரம் பொறுக்கச் சொல்லுங்க" என்று அக்கா உள்ளேயிருந்து பதில் கத்தினார்.

அன்று கிடைத்தவை எல்லாம் பெண் சிலந்திகள். புதிய இனம் என்று அடித்துச் சொல்ல, வளர்ந்த ஆண் ஒன்றும் எங்களுக்கு வேண்டியிருந்தது. ஆண் சிலந்தியின் வாயருகே இரண்டு சிறு கைகள் உண்டு. அவற்றின் நுனி இனத்துக்கு இனம் வேறு வடிவம். கடைசித் தோலை உரித்த பிறகுதான் அந்த வடிவம் வெளியே தெரியும். அடுத்த முறை போனபோது கை நுனி பருத்த ஆண் ஒன்று அகப்பட்டது. வந்த சந்தோஷத்தில் இருவருக்கும் புத்தி வேலை செய்யவில்லை. அங்கேயே ஆல்கஹால் குப்பியில் போட்டுவிட்டோம். கல்லூரிக்கு வந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், நுனி மொட்டு மாதிரி மூடிக் கிடந்தது. இன்னும் ஒரு தோல் உரிக்க வேண்டிய பையன். "போச்சு. வயசுக்கு வராத பயலக் கொன்னுட்டோம்ட்டி" என்றார் அக்கா. நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே பஸ் ஏறிவிட்டார்.

மறுபடி போவதற்குள் அவருக்கு நோய் வந்துவிட்டது. புற்று என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். நீங்கள் மலை ஏற வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "எதுக்கு? நீ போயி இன்னொரு பயலக் கொல்லவா?" என்றார். பாறைக்குப் பாறை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். அந்த முறை ஓர் இளம் ஆணை உயிரோடு கொண்டுவந்தோம். கல்லூரி அறையின் வெக்கை அதற்கு ஆகாது என்று, தன் வீட்டு பீரோவின் அடித்தட்டில், நனைத்த பஞ்சு வைத்த டப்பாவில் அதைக் குடிவைத்தார். மேல்தட்டில் அண்ணனின் பழைய யூனிபார்ம். "பட்டாளத்துல பாம்பு கெடந்த பங்கர்ல படுத்திருக்கேன் வசந்தாம்மா. இவளோட குடும்பம் நடத்துறதுதான் கஷ்டம்" என்று அண்ணன் என்னிடம் முறையிட்டார். ஆனால் வாழைப்பழத் தோலில் மொய்க்கும் குட்டி ஈக்களைப் பிடித்து அந்த டப்பாவுக்குள் விட்டது அவர்தான். மதுரையில் மருந்து ஏற்றிக்கொண்டு, நிற்கவும் தெம்பில்லாமல் வீடு திரும்பும் அக்கா, கட்டிலுக்குப் போகுமுன் பீரோவுக்குப் போவார்.

ஒரு நாள் காலையில் போன் வந்தது. "ஏட்டி, பய சட்டையக் கழத்திட்டான். ஓடியா!" அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஓடினேன். முடி கொட்டிப்போன தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். டப்பாவுக்குள் உரித்த தோல் ஒரு பக்கம், புது ஆள் ஒரு பக்கம். அக்கா தேம்பித் தேம்பி அழுதார். "இனிமே எனக்கு என்ன ஆனாலும் பரவால்லட்டி. எழுதிரலாம்" என்றார். என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

விவரங்களை அவர் எழுதினார், படங்களை நான் வரைந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி, "பொடவுன்னே பேரு வப்போம். நம்ம ஊர்ச் சொல்லு ஒன்னு அதுல கெடக்கட்டும்" என்றார். உங்கள் பெயரை வைக்கலாமே அக்கா என்று மெல்லக் கேட்டேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: எழுதுகிறவர் தன் பெயரையே அந்த உயிருக்கு வைத்துக்கொள்ள மாட்டார். சிலந்திக்கு எஸ்தர் என்று வைத்தால், எழுதியவர்கள் வரிசையிலிருந்து எஸ்தர் போக வேண்டும். அந்த நிலையிலும் அவருக்குக் கோபம் வந்ததே! "ஏட்டி, நான் பேரு வைக்கிறவ. என் பேரச் சிலந்திக்கு மாட்டிட்டு என்னைய வெளிய தள்ளிராத."

அடக்கம் முடிந்த பிறகு, வீட்டு வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "வசந்தாம்மா, அந்தச் சிலந்திக்கு அவ பேரையே வச்சிருங்க. பிள்ளையும் இல்ல. அவ பேரச் சொல்ல வேற என்னம்மா இருக்கு?"

எனக்கும் அதுதான் ஆசை. அச்சுப் படியை நான் இன்னும் அனுப்பவில்லை. ஆனாலும் அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். அண்ணன் முகம் சுண்டிப்போனது.

"அப்ப அவ பேரு எங்கதாம்மா வரும்?"

"சிலந்தியோட பேருக்குப் பின்னாலேயே வரும்ணே. அதுக்குப் பேரு வச்சவங்க பேரையும் சேத்துத்தான் எழுதணும்."

"யாரு எழுதுனாலுமா?"

"முறையா எழுதுற யாரு எழுதுனாலும்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப அப்படியே இருக்கட்டும். மாத்துனா அவ நம்மள விட மாட்டா."

மறுநாள் கல்லூரிக்குப் போய்க் கம்ப்யூட்டரில் அச்சுப் படியைத் திறந்தேன். மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்றுதான். உயிரோடு இல்லாத கட்டுரையாசிரியரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு சிலுவைக் குறி போட வேண்டும். விரல் அந்த விசையில் போய்ப் போய்த் திரும்பியது. பக்கத்து மேசை காலியாக இருந்தது. கடைசியில் போட்டேன், அனுப்பினேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பதைச் சொல்ல வேண்டுமென்றால் அந்த ஒரு வரிதான். பொடவு என்ற சொல், அதற்குப் பின்னால் எஸ்தர், எஸ்தருக்குப் பின்னால் வசந்தா. எங்கள் இருவரையும் இனி யாரும் தனித்தனியாக எழுத முடியாது.