மச்சம் படாத தூள்

தூள் விற்கிறவளை முதலில் வாட்டுவது தும்மல். கொஞ்சக் காலம் போகத் தும்மல் நின்றுவிடும், கோபம்தான் நிற்காது.

வட்டக்கச்சியில் எங்கள் வீட்டுக் காணிக்குள் ஒரு கொட்டில் போட்டு, நானும் அயலில் இருக்கிற சிவமலரும் இன்னும் இரண்டு பெண்களும் கறித்தூள் வறுத்து அரைத்து விற்கிறோம். பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு பக்கம் போன பிறகு தொடங்கின தொழில். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நல்ல சாமான் வாங்கி, பதமாய் வறுத்து, நியாயமான விலைக்குக் கொடுப்பதுதான் வியாபாரம் என்று நினைத்திருந்தேன். என்னைப் போல ஏதாவது செய்து கடைகளுக்குக் கொடுக்கிறவர்கள் இதை வாசித்தால் இந்த இடத்திலேயே சிரித்துவிடுவார்கள்.

எங்கள் தூளை விரதக்காரர் தேடி வாங்குவார்கள். மச்சம் படாத, அதாவது மீன் இறைச்சி படாத தூள் என்று அதற்குப் பேர். மீனோ மாசியோ கருவாடோ பட்ட சட்டியில் வறுக்க மாட்டோம், அப்படிப்பட்ட மெசினில் அரைக்கவும் மாட்டோம். இதைப் பார்த்து அறிய முடியாது. எங்கள் வாய்ச்சொல்லை நம்பித்தான் சனம் சட்டியில் போடுகிறது. அந்தச் சொல்லைக் காப்பாற்றப் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

சாக்கின் அடியில்

செத்தல் மிளகாயைப் பூவரசங்குளம் பக்கத்துத் தோட்டங்களில் சேர்த்து ஒரு தரகர் கொண்டுவந்து தருவார். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறையச் சிரிப்பு. திருவிழாக் காலத்தில் எனக்கு முதலே கோயிலில் நிற்கிற மனிதர். அதனால் சாக்கின் வாயை அவிழ்த்து ஒரு கை அள்ளிக் குலுக்கிப் பார்ப்பதோடு விட்டுவிடுவேன். விதை கலகலவென்று சத்தம் போட்டால் நன்றாய்க் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒருநாள் தரகர் சாக்கை இறக்கிவிட்டு நிற்கிறபோதே சிவமலர், மழை வரப்போகுது, பாயில் கொட்டி ஒருக்கால் வெயில் காட்டுவோம் என்று சாக்கைக் கவிழ்த்தாள். மேலே கிடந்தது கலகலத்தது. அடியில் இருந்து வந்தது கட்டிகட்டியாய், சத்தமே இல்லாமல் விழுந்தது. நிறைக்காகத் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். சிலதில் வெள்ளைப் பூஞ்சணம். இதைத் தின்று ஒரு பிள்ளைக்கு வயிற்றுக்கு ஏதும் வந்தால் யார் பொறுப்பு என்று கேட்டேன். மனிதர் பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு உண்மையாகவே மனவருத்தப்பட்டவர் போலச் சொன்னார்:

"அக்கா, நீங்கள் எப்பவும் மேலாலதானே பாக்கிறனீங்கள். இண்டைக்கு என்ன புதுப் பழக்கம்?"

மில்லில் கண்ட மீசை

தொடக்கத்தில் எங்களிடம் மெசின் இல்லை. வறுத்ததைக் கிளிநொச்சி ரவுணில் ஒரு மில்லுக்குக் கொண்டுபோய் அரைப்போம். மில் முதலாளியிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன், இது விரதத் தூள், மச்சம் அரைக்கிற மெசினில் போடக்கூடாது என்று. தன் வீட்டிலும் தாய் விரதம் பிடிக்கிறவர் என்றும், எங்களுக்கென்று ஒரு மெசினைத் தனியாக வைத்திருப்பதாகவும் சொன்னார். நானும் முருகன் நல்ல இடத்தில் கொண்டுவந்து விட்டான் என்று கும்பிட்டுக்கொண்டேன்.

ஒருமுறை சொன்ன நேரத்துக்கு முதலே போய்விட்டேன். எங்களுடைய மெசின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போகவே மச்ச மணம் மூக்கில் அடித்தது. அரிதட்டுச் சல்லடையை எடுத்துப் பார்த்தால் அதன் கண்ணில் கண்ணிலெல்லாம் கூனி இறாலின் மீசை குத்திக்கொண்டு நிற்கிறது. அதற்கு அடுத்ததாய் வரிசையில் இருந்தது எங்கள் சாக்கு. எத்தனை வீட்டில், எத்தனை வெள்ளிக்கிழமையில் இதைச் சாப்பிட்டிருப்பார்கள். நான் சத்தம் போடத் தெரியாதவள், அன்றைக்குப் போட்டேன். வீட்டில் கிடந்த அரைத்த தூள் முழுவதையும் கிடங்கு வெட்டி, குழிக்குள் போட்டுத் தாட்டோம். மில் முதலாளி என் கோபத்தைப் பார்த்து அனுதாபத்தோடு சொன்னது இது:

"அடுப்பில வைச்சுக் கொதிச்சால் எல்லாம் சைவம்தான் அக்கா."

எட்டிப் பார்த்த நானா

அதற்குப் பிறகு பிள்ளைகள் சேர்ந்து ஒரு சின்ன மெசின் வாங்கித் தந்தார்கள். கொட்டிலுக்குள் வைத்தோம். முல்லைத்தீவில் கடை வைத்திருக்கிற ஒரு முஸ்லிம் அண்ணர், நாங்கள் நானா என்கிறது, எங்கள் தூளைக் கேட்டு வந்தார். வந்தவர் விலை கேட்கவில்லை. மெசினைத் திறந்து காட்டச் சொன்னார். வறுக்கிற சட்டியை மணந்தார். எந்தக் கிணற்றுத் தண்ணீர், உங்கள் வீட்டில் என்ன சமைப்பீர்கள், வேறு ஆட்களுக்கும் அரைத்துக் கொடுப்பீர்களா என்று ஒவ்வொன்றாய் விசாரித்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோயிலும் விளக்குமாய் இருக்கிற ஒரு பொம்பிளையின் சட்டியை மணந்து பார்க்கிறாரே என்று. முகத்தில் காட்டாமல் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தேன். வைத்த வேகத்தில் கோப்பை சத்தம் போட்டது. அவர் அதைக் கவனித்துவிட்டார். அவர் சொன்னதுதான் இந்தத் தொழிலில் இன்றுவரை எனக்கு யாரும் சொன்ன ஒரேயொரு நல்ல வார்த்தை:

"கோவிக்காதீங்கம்மா. எங்கட சனம் என்ட முகத்தப் பாத்து வாங்குது. நான் ஆர்ட முகத்தப் பாத்து வாங்குறன் எண்டு எனக்குத் தெரிய வேணாமா?"

வயது போகாத தூள்

கிளிநொச்சியில் ஒரு பலசரக்குக் கடைக்காரர் எங்கள் பக்கெற்றை வாசலில் வெயில் படத் தொங்கவிடுவார். தூள் நிறம் மாறிப்போகும். திகதி முடிந்ததைத் திருப்பித் தாருங்கள், மாற்றித் தருகிறேன் என்று நானாகவே சொன்னேன். ஒருநாளும் திருப்பித் தந்ததில்லை. எல்லாம் விற்றுப் போச்சு என்பார். எனக்கும் சந்தோசம்.

பிறகு ஒருநாள் அவர் கடையில் சீனி வாங்கப் போனபோது பார்த்தால், நான் ஒட்டின திகதிக்கு மேலே புதிதாய் ஒரு துண்டு. நகத்தால் சுரண்டினேன், கீழே பழையது. இரண்டு மூன்று பக்கெற்றில் அப்படித்தான். கேட்டேன். கல்லாவில் இருந்து எழும்பாமலே, எனக்கு ஒரு உபகாரம் செய்கிறவர் மாதிரிச் சொன்னார்:

"இனி நீங்கள் திகதி போடாமலே தாங்கோ. அதை நாங்கள் பாப்பம். உங்களுக்கேன் வீண் சிரமம்?"

வெளிநாட்டில் மூக்கில்லை

இவ்வளவும் சில்லறைக் கோபம். பெரியது வவுனியாவில் இருந்து வந்தது. வெளிநாட்டுக்குச் சாமான் அனுப்புகிற ஒரு தம்பி. நல்ல உடுப்பு, நல்ல பேச்சு, காலில் விழாத குறையாக மரியாதை. தூளைச் சாக்கில் வாங்கிக்கொண்டு போய்த் தானே அடைத்து அனுப்புவதாகச் சொன்னார். எங்கள் பேர் அச்சடித்த வெறும் பக்கெற்றுகளையும் சேர்த்துக் கொடுத்தோம். சில மாதம் ஒழுங்காக நடந்தது. சிவமலர் வீட்டுக் கூரையை அந்த ஓடரை நம்பித்தான் மாற்றத் தொடங்கினாள்.

கந்தசஷ்டி வரப்போகிற நேரம், வழக்கத்தைவிடப் பல மடங்கு தூள் வேண்டும் என்றார். எங்கள் சின்ன மெசினில் ஏலாது என்றேன். ரவுண் மில்லில் அரைப்பியுங்கோ என்றார். நான் கண்ட மீசையைச் சொன்னேன். அப்படியென்றால் மில்லில் இருக்கிற தூளையே வாங்கி நம்முடைய பக்கெற்றில் போடுவோம் என்றார். ஆறு நாள் வயிறு காயக் கிடக்கிற சனத்துக்கா என்று கேட்டேன். என்னால் முடியாது தம்பி, ஓடர் போனால் போகட்டும் என்றேன். சிவமலர் வெளியே எழும்பிப் போய்த் தன் கூரை இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தத் தம்பி வாகனத்தில் ஏறும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்:

"அன்ரி, அங்கை ஆர் மணந்து பாக்கப் போகினம்? பக்கெற்றைத்தான் பாப்பினம்."

பாறணை அன்று

அந்த வருசம் நானும் சஷ்டி பிடித்தேன். ஆறு நாளும் பகலில் தண்ணீர், இரவில் பாலும் பழமும். ஏழாம் நாள் விடிய, எங்கள் கோயிலில் விரதக்காரருக்கு விரதம் முடிக்கிற பாறணைச் சாப்பாடு. நூறு பேர் வரையில் தலை முழுகிப் பூசை பார்த்துவிட்டு இலைக்குக் காத்திருந்தார்கள். அதில் தொண்ணூறு வயதை எட்டின ஒரு ஆச்சியும், வயிற்றில் பிள்ளை வேண்டி முதல்முறை விரதம் பிடித்த ஒரு சின்னப் பெண்ணும். நான் அப்பளம் எடுக்கச் சமையல் கொட்டகைக்குள் போனேன். குழம்புக் கிடாரத்துப் பக்கத்தில் கிடந்தது எங்கள் பக்கெற். இந்த முறை கோயிலுக்கு நாங்கள் தூள் கொடுக்கவில்லை. வவுனியாவில் ஒரு உபயகாரர் வாங்கி அனுப்பியிருக்கிறார்.

கையில் கொட்டினேன். எங்கள் தூள் கருகக் கருக வறுத்த நிறம். இது செக்கச்செவேல் என்று இருந்தது. ஒரு கரண்டி அள்ளி அடுப்பில் வெறுஞ்சட்டியில் போட்டேன். சூடு ஏற ஏற அந்த மணம் கிளம்பியது. மில்லில் நான் மணந்த அதே கூனி. கொடுக்க மாட்டேன் என்று நான் சொன்னதை, எங்களிடம் வாங்கின வெறும் பக்கெற்றில் அடைத்து, அந்தத் தம்பி என் பேரிலேயே விற்றிருக்கிறார். குழம்பும் பூசணிக்காய்க் கறியும் கொதித்து இறக்கியாயிற்று. நான் சொன்னதைக் கேட்ட கோயில் தலைவர் என்னை ஒரு ஓரமாய்க் கூப்பிட்டு, தெரியாமல் நடந்ததை ஆண்டவன் பொறுப்பான், சனத்தைப் பசியோடு குழப்ப வேண்டாம், உங்கள் பேரும் கெட்டுப்போகும் என்று மெதுவாகச் சொன்னார். அவர் கெட்ட மனிதர் இல்லை. சொன்னதும் உண்மைதான். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியுமே. தெரிந்துகொண்டு அந்த ஆச்சியின் இலையில் எப்படி வார்ப்பது? நானும் ஆறு நாள் காய்ந்தவள்தானே.

முன்னுக்குப் போய் நின்று சொன்னேன். குழம்பிலும் கறியிலும் மச்சம் பட்டிருக்கு, பக்கெற்றில் எங்கள் பேர் இருக்கு, ஆனால் தூள் எங்களுடையது இல்லை என்று. எல்லோரும் ஒரேயடியாகக் கதைத்தார்கள். சோறும் பருப்பும் தயிரும் அப்பளமுமாய்ப் பாறணை முடிந்தது. அந்தச் சின்னப் பெண் என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. இரவு முழுக்கக் கண்விழித்துச் சமைத்த சமையல்காரர் இரண்டு கிடாரத்தையும் வெளியே இழுத்துக் கவிழ்த்துவிட்டு, வெறும் பக்கெற்றை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கேட்டார்:

"பேரும் உங்கட பேர். இல்லையெண்டு சொல்லுறதும் நீங்கள். இப்ப நான் எதையம்மா நம்ப?"

தொலைபேசியில்

கதை அன்றைக்கே ரவுணுக்குப் போய்விட்டது. போகிற வழியில் அதன் பின்பாதி உதிர்ந்துவிட்டது. வட்டக்கச்சித் தூளில் கூனியாம் என்பது மட்டும் கடைகடையாய்ப் போய்ச் சேர்ந்தது. நாங்கள் அரைத்த நல்ல தூளையும் கட்டித் திருப்பி அனுப்பினார்கள். சிவமலரின் கூரை பாதி தகரமும் பாதி தறப்பாள் விரிப்புமாய் நிற்கிறது. அவள் என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு நெஞ்சில் கிடந்து அறுக்கிறது.

வவுனியாத் தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன். கும்பிட்டுவிட்டுத்தான் எடுத்தேன், வாயில் தகாத சொல் வரக்கூடாது என்று. எங்கள் பக்கெற்றில் வேறு தூள் அடைத்தீர்களா என்று கேட்டேன். அவர் இல்லையென்றும் சொல்லவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை. எங்கள் பேரை இப்படி நாசமாக்கிப் போட்டீர்களே தம்பி என்றேன். பொறுமையாக, ஒரு சின்னப் பிள்ளைக்கு விளங்கப்படுத்துகிற மாதிரிச் சொன்னார்:

"உங்கட தூளைப் பற்றி நான் ஒரு இடத்திலையும் ஒரு குறை சொன்னதில்லை அன்ரி. பழுது எண்டு கோயிலில எழும்பி நிண்டு சொன்னது நீங்கள்தானே."

கள்ளத் தூள் அடைத்தவரிடம் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நல்ல தூள் அரைத்த நான்தான் இன்றைக்கும் கடைகடையாய் ஏறி விளக்கம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.