பிரேக்கை அமத்திப் பிடிக்க ஓர் ஆள்

என்னிடம் வந்து சேர்ந்தபோது அது காராக இருக்கவில்லை. துருப்பிடித்த சட்டகம், கதவில்லாத அரை உடல், மரப்பெட்டிகளில் பிரித்துப் போட்டிருந்த நாலு சிலிண்டர் எஞ்சின். கிட்டத்தட்ட நூறு வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் செய்த கார். எப்படியோ கடல் தாண்டி வந்து ஒரு விவசாயியின் வைக்கோல் கொட்டிலில் கிடந்தது. கொட்டிலை இடிக்கப்போகிறார்கள் என்று வேலையிடத்தில் கேள்விப்பட்டு, இழுவைப்பெட்டி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டுபோய் ஏற்றிவந்தேன்.

நான் ஜெர்மனியில், டோர்ட்மண்டில் பேருந்துகள் திருத்தும் பட்டறையில் மெக்கானிக். சிறுமியாக இருக்கும்போதே பெற்றோருடன் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தவள். பள்ளி முடித்து மெக்கானிக் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்யப்போகிறேன் என்றபோது அம்மா என்னோடு கதைப்பதை நிறுத்தினார். பிறகு பழகிக்கொண்டார். கலியாணம் நடந்தது. அது முடிந்தும் போனது. கணவராக இருந்தவருக்கு டுசல்டோர்ஃபில் இப்போது வேறு குடும்பம். அப்பா காலமானபின் அம்மா லண்டனில் தம்பியுடன் இருக்கிறார். நகரத்தின் ஓரத்தில் ஒரு பழைய மாடிவீட்டின் கீழ்த்தளத்தில் நான் இருக்கிறேன். பின்முற்றத்தில் எனக்கென்று ஒரு கராஜ்.

பிரிந்தபின் தமிழ் ஆட்களின் கொண்டாட்டங்களுக்குப் போவதை விட்டுவிட்டேன். அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் சாப்பாட்டுத் தட்டோடு பக்கத்தில் வந்து இருக்கும் ஒவ்வொரு அக்காவும் ஒரே கேள்வியை வேறு வேறு மாதிரிக் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து, பேருந்தில் யாராவது தமிழில் கதைத்தால்கூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டேன்.

காரைப் பழையபடி ஆக்குவது என் எண்ணம் இல்லை. அந்தக் காலத்து அமெரிக்கப் பையன்கள் கூரையைக் கழற்றி, உடலைத் தாழ்த்தி, பாரத்தைக் குறைத்து, இருக்கிற எஞ்சினையே உசுப்பேற்றி ஓடுவார்களே, அப்படி ஒரு ஹாட் ராட் ரோட்ஸ்டர் வேண்டும். எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்றைத் தூக்கி வைக்கச் சொன்னார்கள், இணையத்தில் எனக்குத் தெரிந்த ஓரிருவர். எனக்கு நாலே போதும். அழுத்தம் கூடிய புதுச் சிலிண்டர் தலைமூடி ஒன்றும் இரண்டு கார்புரேட்டர்களும் தேடிப் பிடித்தேன். சில்லுகளுக்கு மேல் மட்காட் இல்லாமல் இந்த நாட்டில் ஓடவிடமாட்டார்கள். மெல்லிய தகட்டில் நாலு வளைத்தேன்.

வெல்டிங்கும் அரைப்பும் சனிக்கிழமைகளில். ஞாயிற்றுக்கிழமை இங்கே சத்தம் கூடாது. சுத்தியலைத் தூக்கினாலே யாராவது ஜன்னலைத் திறப்பார்கள். அதனால் எஞ்சின் முழுவதையும் ஞாயிறுகளில்தான் ஒன்றுசேர்த்துப் பூட்டினேன். ஒவ்வொரு வால்வையும் கையால் தேய்த்து, துடைத்து, எண்ணெய் போட்டு. தேவாலய மணி ஓய்ந்தால் பிறகு நாள் முழுக்க என் கையில் இருக்கும் திருகுசாவியின் சத்தம் மட்டும்தான். சில ஞாயிறுகளில் பொழுதுபட்டபின்தான், அன்று முழுவதும் வாய் திறக்கவில்லை என்று தெரியவரும்.

சித்திரை மாதத்து ஒரு பின்னேரம் எஞ்சின் உயிர்பிடித்தது. முதலில் இருமியது, புகைத்தது, பிறகு நாலு சிலிண்டரும் ஒன்றாகச் சேர்ந்து கராஜின் தகரக் கதவை அதிரவைத்தன. நான் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். யாருக்குச் சொல்லத் திரும்பினேன் என்று தெரியவில்லை. முற்றத்தில் குப்பைத் தொட்டிகள்தான் நின்றன. கைபேசியில் படம்பிடித்து அம்மாவுக்கு அனுப்பினேன். குரல் பதிவாகப் பதில் வந்தது.

"கை கவனம் பிள்ளை. அந்தப் புகையைச் சுவாசிக்காதை. சாப்பிட்டியே?"

பிரேக்கில்தான் மாட்டிக்கொண்டேன். அசல் காரில் இரும்புத் தண்டுகள் இழுக்கும் பிரேக். கூடின வேகத்துக்கு அது காணாது என்று எண்ணெய் பிரேக்காக மாற்றியிருந்தேன். குழாய்களுக்குள் காற்று நின்றால் பிரேக் பிடிக்காது. அந்தக் காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே இருந்து பெடலை மிதிக்க, மற்றவர் கீழே படுத்துக் காற்றைத் திறந்துவிட வேண்டும். பட்டறையில் இதற்கு ஒரு கருவி உண்டு. அதன் மூடி என் பழைய பிரேக் எண்ணெய்க் குப்பிக்குப் பொருந்தவில்லை. பெடலுக்குத் தடி முட்டுக்கொடுத்துப் பார்த்தேன். சரிவரவில்லை. வேலையிடத்தில் ஒருவரைக் கேட்டிருக்கலாம். ஆனால் ஒருவர் வந்தால் நாலு பேர் வருவார்கள், பிறகு அது என் கார் இல்லை. இரண்டு கிழமை கராஜைத் திறக்கவேயில்லை.

மேல்மாடியில் ஒரு இளம்பெண் இருந்தார். ஆய்வுகூடம் ஒன்றில் வேலை. இந்தியத் தமிழ்ப் பெண் என்று வந்த புதிதிலேயே எனக்குத் தெரியும். படியேறும்போது கைபேசியில் கதைப்பது கேட்கும். ஆனால் எதிரே வந்தால் "ஹலோ" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு விலகிவிடுவேன். அந்தச் சனிக்கிழமை அவர் கடதாசிப் பெட்டிகளைக் குப்பைத் தொட்டியில் போட முற்றத்துக்கு வந்தார். எனக்கு என்ன பிடித்ததோ, கராஜ் வாசலிலிருந்து தமிழில் கூப்பிட்டேன்.

"தங்கச்சி, ஒரு அரை மணித்தியாலம் நேரம் இருக்கோ? இந்தப் பெடலை அமத்த ஒரு ஆள் வேணும்."

அவர் பெட்டிகளை அப்படியே கீழே வைத்தார்.

"அக்கா, நீங்க தமிழா? இவ்வளவு நாளா கீழ இருந்துட்டு ஒரு வார்த்தை சொல்லலையே!"

நான் கையைத் துணியில் துடைத்தேன். அவர் காத்திருக்கவில்லை. உள்ளே வந்து, இருக்கை இன்னும் பூட்டாததால் காருக்குள் நான் கவிழ்த்து வைத்திருந்த போத்தல் கிரேட்டில் ஏறி இருந்தார். நான் பின்சில்லின் அடியில் படுத்தேன்.

"அமத்துங்கோ!"

"அப்படின்னா? அமுக்கணுமா?"

"ஓம், அமுக்குங்கோ. அமுக்கிக்கொண்டே இருங்கோ. விடாதேங்கோ."

சில்லின் பின்னால் இருக்கும் திருகியைத் திறந்தேன். அதிலிருந்து குழாய் விட்டிருந்த ஜாம் போத்தலுக்குள் எண்ணெயோடு குமிழ் குமிழாகக் காற்று வந்தது. மூடினேன்.

"இப்ப விடுங்கோ."

"விட்டாச்சு!"

அப்படியே ஒவ்வொரு சில்லாகப் போனோம். முகம் பார்க்காமல் கதைப்பது எளிதாக இருந்தது. அவர் மதுரைப் பக்கம் என்றார். ஆய்வுகூடத்தில் கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது, நீட்டிக்கவில்லை, ஸ்வீடனில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த வாரம் ஃப்ளைட் என்றார். அந்தப் பெட்டிகள் அதற்குத்தான். பிறகு, ஞாபகம் வந்தவர்போலச் சொன்னார்:

"அன்னைக்கு இஞ்சின் ஃபர்ஸ்ட் டைம் ஸ்டார்ட் பண்ணீங்களே, நான் மேல ஜன்னல்ல நின்னு பார்த்துட்டே இருந்தேன்க்கா. ஸ்டார்ட் ஆனதும் கை தட்டினேன். உங்களுக்குக் கேட்டிருக்காது, அவ்வளவு சத்தம்."

நான் காரின் அடியில் கிடந்தேன். கையில் சாவி. திருகியைத் திருப்ப மறந்துபோனேன்.

"அக்கா? விடவா, அமுக்கவா?"

"அமத்துங்கோ," என்றேன்.

கடைசிச் சில்லும் முடிந்தபோது பெடல் கல்லுப்போல நின்றது. "இப்ப ஓடுமா?" என்று கேட்டார். வாகனச் சோதனைக்குக் கொண்டுபோய்க் காட்டி அனுமதி வாங்க வேண்டும், அதற்கு டெர்மின் என்ற முன்பதிவு கிடைக்கவே சில கிழமைகள் எடுக்கும் என்றேன். அவருடைய முகம் வாடியது. இரவு சாப்பிட வரச் சொன்னேன். வந்தார். சொதியும் இடியப்பமும் அவருக்குப் பிடித்தன. அடுத்த கிழமை நான் வேலையில் இருந்தபோது வாடகைக்கார் வந்து அவரை ஏற்றிப் போய்விட்டது. தகவல்கள் அனுப்புவார். நானும் அனுப்புவேன். நாளடைவில் அவை குறைந்துவிட்டன.

சோதனையில் கார் தேறியது. பரிசோதகர் பிரேக்கை இரண்டு தரம் மிதித்துப் பார்த்துத் தலையாட்டினார், அவ்வளவுதான்.

கோடையில், நகரத் தமிழர்களின் விளையாட்டுப் போட்டி நடக்கும் மைதானத்துக்கு அதை ஓட்டிக்கொண்டு போனேன். ஏன் போனேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. நிறுத்த முன்னமே ஆட்கள் சூழ்ந்துவிட்டார்கள். தலை நரைத்த ஒரு அண்ணை, குனிந்து அடியையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஆற்றை கார் இது?"

"என்ரை தான், அண்ணை."

"உங்கடை அவர் செய்ததோ?"

"இல்லை. நான் செய்தது."

அவர் என்னைப் பார்த்தார், என் கைகளைப் பார்த்தார். பிறகு எஞ்சின் மூடியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். இரண்டு கார்புரேட்டர் ஏன், தலைமூடி எங்கே எடுத்தது, எண்ணெய் கசிகிறதோ என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. அவரை யாரோ கூப்பிட, "நல்லாயிருக்கு பிள்ளை, நல்லாயிருக்கு," என்று சொல்லிக்கொண்டே போனார்.

தேநீர் வாங்கிக் கொஞ்ச நேரம் நின்றேன். முகம் தெரிந்த இரண்டு பேர் கையசைத்தார்கள். நானும் அசைத்தேன். ஒருவரும் கிட்ட வரவில்லை, நானும் போகவில்லை. மழை தூறத் தொடங்கியதும் கிளம்பிவிட்டேன். கூரை இல்லாத கார். சிவப்பு விளக்குகளில் நின்று நின்று, நனைந்து நனைந்து, மெதுவாக வீடுவரை ஓட்டினேன். பிரேக் ஒவ்வொரு தரமும் நன்றாகப் பிடித்தது.