திறக்காத டப்பா

திருவண்ணாமலை மளிகைக் கடையொன்றில் வேலை பார்த்த ஜினதாசனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் மலைதான். மனைவி ராஜமதி புளிச்சோறு கட்டிக்கொள்வாள். மகள் தீக்ஷாவோடு பாதிமலை ஏறி, பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவார்கள்.

ராஜமதிக்குச் சிறுநீரகம் கெட்டது. "ஒரு தடவ மலைக்கு இட்னு போங்க" என்று கேட்டாள்.

"உடம்பு தேறட்டும், போலாம்" என்றார். தேறாமலே இறந்துபோனாள்.

சில வாரம் கழித்துத் தீக்ஷாவே சோறு கட்டி அப்பாவை மலைக்கு அழைத்துப் போனாள். டப்பாவை மடியில் வைத்தபடி அவர் கீழே கோபுரங்களையே பார்த்திருந்தார்.

"சாப்டுங்கப்பா, இருட்டிடப் போவுது."

"நீ சாப்டும்மா."

அவளுக்கும் சாப்பிட மனம் வரவில்லை. மலையின் நிழல் ஊரை மூடியது. சமணக் குடும்பம், பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார்கள். பசியோடு இறங்கினார்கள். அடுத்த வாரத்திலிருந்து ஜினதாசன் ஞாயிற்றுக்கிழமையும் கடைக்குப் போனார்.