நிற்கக் கூடாத இடம்

யோகராணி அன்ரி 1976இல் கணவரோடு கடல் கடந்து பென்டில் ஹில் என்ற வெளிநாட்டு ஊருக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவருக்கு வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. மூன்றாம் மாதமே சட்டை தைக்கும் தொழிற்சாலையில் வேலை தேடிக்கொண்டார். கணவர் மகேந்திரராஜா அரைமனதோடு சம்மதித்தார்.

"அஞ்சரைக்கு ஸ்டேஷன் வாசலில நில்லும், காரில வாறன். இஞ்ச பலகையில எழுதியிருக்கிறதுதான் சட்டம். ஒரு பிரச்சினை வந்தால் அந்த நாளோட உம்மட வேலை முடிஞ்சுது."

முதல் நாள் மாலை, ஸ்டேஷன் வாசல் விளக்கின் கீழ் ஒரு பலகை இருந்தது: 'நோ ஸ்டாண்டிங்'. நிற்கக் கூடாது. ஆங்கிலம் படித்த அன்ரிக்கு அதில் சந்தேகமே வரவில்லை. பக்கத்துச் சந்துக்குள் போய் நின்றார். குளிர்காலம், அந்த நேரத்துக்கே இருட்டிவிட்டது.

சந்துக்குள் ஒரு பப்பின் பின்கதவு திறந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் சேலையைப் பிடித்து இழுத்துச் சிரித்தான். அன்ரி கையைத் தட்டிவிட்டார். மற்றவன் முகத்தில் குத்தினான். தலை செங்கல் சுவரில் மோதியது, உதடு கிழிந்தது. அன்ரி கைப்பையில் இருந்த நூல் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து அவன் கையில் இறக்கினார். அவன் அலறினான். இருவரும் அவரைக் கீழே தள்ளி விலாவில் உதைத்தார்கள்.

அப்போதுதான் ஸ்டேஷன் வாசலுக்கு வந்த மகேந்திரராஜா, அலறலைக் கேட்டு, கார் தூக்கும் ஜக்கியின் இரும்புக் கம்பியோடு ஓடிவந்தார். ஒருவனின் தோளில் அடித்தார். மற்றவன் வீசிய உடைந்த போத்தல் அவர் கன்னத்தைக் கிழித்தது. இருவரும் இருட்டுக்குள் ஓடிவிட்டார்கள்.

பொலிஸ்காரர் வந்து, வெளிச்சத்தை விட்டு ஏன் இங்கே வந்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அன்ரி இரத்தம் வழிந்த கையால் பலகையைக் காட்டினார். பொலிஸ்காரருக்குப் புரியச் சற்று நேரம் எடுத்தது. அது காரை அங்கே நிறுத்தக் கூடாது என்பதற்கு, ஆட்களுக்கு இல்லை என்றார்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அன்ரிக்கு இரண்டு விலா எலும்பு முறிவு, உதட்டில் ஏழு தையல்.

"இனி வேலை வேண்டாம்," என்றார் மகேந்திரராஜா. "கண்ணாடியில முகத்தைப் பாத்தனீரோ?"

"உங்கட கன்னத்தைப் பாத்தனீங்களோ? நீங்கள் வேலைக்குப் போறேல்லையோ?"

அவர் கன்னத்துக் கட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"எனக்கு விளங்காதது ஒரு பலகைதான். வேலை நல்லா விளங்குது. அதோட, அங்க காரோட நிக்கக் கூடாதது நீங்கள்தான்."

ஏழு வாரம் கழித்து அன்ரி வேலைக்குத் திரும்பினார். அன்று ஐந்தரைக்கு அந்தப் பலகைக்கு நேர் கீழே, விளக்கு வெளிச்சத்தில் நின்றார். கத்தரிக்கோல் கோட்டுப் பையில் இருந்தது. மகேந்திரராஜா காரை எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டு, தெருவைக் கடந்து நடந்து வந்தார்.